கஞ்சாவும் இரண்டு நீதிகளும்

மாத்தளை மாவட்டத்து நீதிமன்றமொன்றின் வாயிலில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால், நம் நாட்டுச் சட்டம் யாரைத் தேடுகின்றது என்பதை எந்தச் சட்டநூலையும் புரட்டாமலே அறிந்துகொள்ளலாம். இரத்தோட்டையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் மதிலோரம் குந்தியிருப்பார்கள். வெளுத்துக் கஞ்சியிட்ட சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையினுள் அடையாள அட்டையும், கடன்வாங்கி எண்ணிச் சுருட்டி வைத்த தாள்களும். அவர்களிடையே மாளிகைவாசி ஒருவரையும் காண முடியாது.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வாறு நின்ற ஒரு நாளில் ஒரு தாயைச் சந்தித்தேன். அவருடைய மகனுக்கு வயது இருபத்திரண்டு. கொழும்பில் ஒரு கடையில் வேலைசெய்து, தைப்பொங்கலுக்கு வீடு வந்தவன். லயத்துக்குப் பின்னால், மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில், இரண்டு கூட்டாளிகளோடு உட்கார்ந்து கஞ்சா உருட்டிய பீடியைப் புகைத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது. தாய் அன்று கொழுந்தெடுக்கப் போகவில்லை. ஆகவே அன்றைக்குப் ‘பேர்’ இல்லை. முந்திய தவணைக்கும் இல்லை. 2021இல் நிர்ணயிக்கப்பட்ட ஆயிரம் ரூபாவே அப்போதைய நாட்கூலி. அந்த ஆயிரங்கள் போனது போக, தண்டப்பணத்துக்காகக் காதுத்தோடும் அடகுக்கடைக்குப் போயிருந்தது. அவர் அழவில்லை. மெல்லிய குரலில் ஒன்று மட்டும் கேட்டார்:

“பொடியன் செஞ்சது தப்புத்தாங்க ஐயா. ஆனா அவங்கப்பா தெனமும் குடிச்சுக் குடிச்சே செத்தாரு. அவர ஒரு நாளாவது யாராச்சும் புடிச்சாங்களா?”

இக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை நம் சட்டம் இயற்றுவோருக்கு உண்டு. அவர்கள் சொல்லவில்லை. ஆதலால் நாமேனும் சொல்ல முயல்வோம்.

அந்தத் தாய் நீதிமன்ற வாயிலில் நின்ற காலத்துக்குச் சற்று முன்னும் பின்னும் கொழும்பில் வேறொரு காட்சி நடந்தேறியது. 2022 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்று அறிவித்தார் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. சுற்றுலாத்துறை இராஜாங்க அமைச்சராயிருந்த டயானா கமகே, அந்நியச் செலாவணிக்கு இதுவே வழி என்று மேடைதோறும் வாதாடினார். ஆட்சி மாறியது, கொள்கை மாறவில்லை. 2025இல் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு, மீரிகமவில் முதலீட்டு வலயத்தினுள் மருத்துவத் தேவைக்கான கஞ்சாவைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்ய அங்கீகாரம் அளிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் ‘முழு நாடுமே ஒன்றாக’ என்ற பெயரில் போதைப்பொருளுக்கெதிரான தேசிய இயக்கமும் தொடங்கப்பட்டது.

செடி ஒன்றே. வேலிக்குள் வெளிநாட்டு மூலதனம் அதை வளர்த்தால் முதலீடு. மிளகுக்கொடி நிழலில் தோட்டத்து இளைஞன் அதைப் புகைத்தால் குற்றம். ஏற்றுமதிக் கஞ்சா மருந்துக்கு, இளைஞனின் கஞ்சா மயக்கத்துக்கு என்று வேற்றுமை காட்டுவார்கள். காட்டட்டும். மருந்துக்கென்று வளர்ப்பவனுக்கு விருந்து. மயக்கத்துக்கென்று புகைத்தவனுக்கு விலங்கா என்பதே கேள்வி.

இரு சாரார்

இன்று இப்பிரச்சினை பற்றி நம் நாட்டில் இரு சாரார் பேசுகின்றனர். ஒழுக்கத்தின் பெயரால் பேசும் ஒரு சாரார், கஞ்சா என்ற சொல் கேட்டதுமே சிறைக் கதவைத் திறக்கச் சொல்கின்றனர். வியாபாரத்தின் பெயரால் பேசும் மறு சாரார், டொலர் என்ற சொல் கேட்டதுமே சந்தைக் கதவைத் திறக்கச் சொல்கின்றனர். முன்னவருக்கு அந்த இளைஞன் குற்றவாளி. பின்னவருக்கு அவன் வாடிக்கையாளன். இருவருக்கும் அவன் மனிதனல்லன்.

முற்போக்காளர் எனப்படுவோர் இவ்விருவரில் ஒருவர் பின்னால் போய்ச் சேர வேண்டியதில்லை. நம் நிலைப்பாட்டை மறைவின்றிக் கூறிவிடுகின்றேன். வயதுவந்த ஒருவர் தம் சொந்தப் பாவனைக்காகக் கஞ்சாவைச் சிறிதளவு வைத்திருப்பதோ, புகைப்பதோ, வீட்டுத் தோட்டத்தில் ஓரிரு செடி வளர்ப்பதோ குற்றமாயிருத்தல் ஆகாது. அதே வேளை, அந்தச் செடியை இலாபவேட்டைக்காரர் கையில் ஒப்படைத்து, விளம்பரப் பலகை நட்டு, புதியதொரு சாராயச் சாம்ராஜ்யத்தை எழுப்பவும் விடலாகாது. இன்பத்துக்காகப் புகைக்கும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று கேட்போருக்கு நம் விடை: ஆம், ஆனால் மக்களுக்காக, மக்களின் கட்டுப்பாட்டில்.

சட்டம் வந்த வழி

கஞ்சா நம்மவருக்கு நேற்று வந்த பொருளன்று. சித்த வைத்தியம் அதை அறியும். சிவமூலிகை என்று துறவிகள் அதற்குப் பெயரிட்டனர். சிங்கள நாட்டு வைத்தியத்திலும் அது மருந்துச் சரக்கு. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமே, மருந்து செய்வதற்காக ஆயுர்வேத வைத்தியர்கள் அபினையும் கஞ்சாவையும் பெற்றுக்கொள்ள இடமளிக்கின்றது. ஆகவே இலங்கை அரசு கஞ்சாவை முற்றிலும் நஞ்சென்று ஒருநாளும் கருதியதில்லை.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த இந்தியாவில் 1893ஆம் ஆண்டு ஆங்கில அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. மக்வர்த் யங் என்பவர் அதன் தலைவர். மாகாணந்தோறும் சென்று 1,193 பேரின் சாட்சியத்தைப் பதிவு செய்த அக்குழு, 1894இல் தன் அறிக்கையைத் தந்தது. அளவோடு பயன்படுத்துவோருக்குப் பெருந்தீங்கு விளைவதாகத் தெரியவில்லை. மிதமிஞ்சிய பாவனையே கேடு. முற்றாகத் தடைசெய்வது தேவையற்றது. தடைசெய்தால் மக்கள் இதனினும் கொடிய பொருள்களை நாடக்கூடும் என்பது அதன் சாரம். அந்நிய அரசின் குழுவுக்கு வரிவருமானத்திலும் ஒரு கண் இருந்திருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கேட்டறிந்து எழுதியது அது. அடுத்து வந்த சட்டங்கள் யாரைக் கேட்டறிந்து எழுதப்பட்டன?

1925இல் ஜெனீவாவில் வல்லரசுகள் கூடிச் செய்த அபின் உடன்படிக்கையில், எகிப்தின் வற்புறுத்தலால் இந்தியக் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருள்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதைப் பிறப்பித்த சட்டசபையைத் தேர்ந்தவர் யார்? சொத்தும் கல்வியும் படைத்த சிறு கூட்டத்தினரே. சாதாரண மக்களுக்கு வாக்குரிமை வந்தது 1931இல். அவ்வுரிமையும் தோட்டத் தொழிலாளிக்கு நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது; 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவன் வாக்கைப் பறித்தது. பின்னர் 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தைக் கடுமையாக்கி, ஹெரோயின் போன்றவற்றுக்கு மரண தண்டனையைக் கொணர்ந்தது. அப்போதும் மலையக மக்களிற் பெருந்தொகையினர் நாடற்றவராகவே இருந்தனர். அந்த அவலம் முற்றாய் நீங்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டம் பிறந்தபோது இவனுக்கு வாக்கில்லை. அது கடுமையானபோதும் பலருக்கு வாக்கில்லை. ஆனால் தண்டனையில் மட்டும் பூரண குடியுரிமை கிடைத்திருக்கின்றது!

தவறணையின் நியாயம்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அவருடைய கணவரை ஏன் யாரும் பிடிக்கவில்லை?

அவர் குடித்தது அரசாங்கம் வரி வாங்கும் சரக்கு. மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கம். அதற்கும் முன்னரே, சாராயக் குத்தகையை ஏலத்தில் எடுத்துப் பெரும் பொருள் திரட்டியவர்களிடமிருந்துதான் இந்நாட்டுச் சுதேச முதலாளி வர்க்கத்தின் முக்கியமான ஒரு பகுதி தோன்றியது என்பதைக் குமாரி ஜயவர்தன தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கின்றார். தோட்டங்கள் பெருகிய இடமெல்லாம் தவறணைகள் பெருகின. காலையில் பிரட்டுக்களத்தில் கணக்கிட்ட கூலி, மாலையில் தவறணை மேசையில் எண்ணப்பட்டது. வெள்ளைத்துரை போன பிறகும் அந்த ஏற்பாடு போகவில்லை. இன்று மதுவரியால் அரசாங்கத்துக்கு ஆண்டொன்றுக்கு நூறு பில்லியன் ரூபாவுக்கு மேல் வருகின்றது. இவ்வருமானத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, போதை தீது என்று உபதேசிப்பது எத்தகைய ஒழுக்கம்?

இலங்கையில் 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் எழுந்ததுண்டு. அவ்வியக்கத்தார் எதை எதிர்த்தனர்? தவறணையை எதிர்த்தனர், தவறணை திறந்து வருமானம் தேடிய ஆட்சியை எதிர்த்தனர். குடித்தவனைச் சிறைக்கு அனுப்புங்கள் என்பது அவர்களின் கோஷமாக இருக்கவில்லை. விற்று வாழ்பவனையும் விழுந்து கிடப்பவனையும் வேறு வேறாகக் காணும் கண் அவர்களுக்கு இருந்தது. நம் காலத்து ஒழுக்கவாதிகளுக்கு அந்தக் கண்ணும் இல்லை.

மதுவைக் காட்டிக் கஞ்சாவுக்குப் பரிந்து பேசுகின்றேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். ஒரு தீமை இருப்பது இன்னொன்றை நல்லதாக்கிவிடாது. நான் சொல்வது சட்டத்தின் நேர்மை பற்றி. மதுவால் விளையும் துன்பத்தைத் தோட்டத்து லயங்கள் ஒவ்வொன்றும் அறியும். பெண்களின் உடலில் விழும் அடியாக, பிள்ளைகளின் பசியாக, இளமையில் வரும் மரணமாக அதை அறியும். அத்தீங்கைச் செய்யும் பொருளுக்கு உரிமப்பத்திரம் தரும் அரசு, வேறொன்றுக்கு விலங்கு பூட்டுமானால், அவ்வேற்றுமைக்கு மக்கள் நலம் அல்லாத காரணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

‘நீதி’யின் வலை

2023 டிசம்பர் 17ஆந் தேதி பொலிஸார் ‘யுக்திய’ என்ற நடவடிக்கையைத் தொடங்கினர். யுக்திய என்ற சிங்களச் சொல்லுக்கு நீதி என்பது பொருள். சில வாரங்களில் பல்லாயிரக் கணக்கானோர் கைதாயினர். தேடுதல் ஆணையின்றி வீடு புகுதல், பலர் காணச் சோதனை, கைதானோரைத் தொலைக்காட்சிக்குக் காட்டுதல் என்று முறைப்பாடுகள் குவிந்தன. 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் இந்நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கேட்டனர். அரசாங்கம் செவிசாய்க்கவில்லை.

இந்த வலையில் சிக்கியவர் யார்? வலையின் கண் அளவைப் பொறுத்தே மீன். கொழும்பில் உயர்ந்த மதிலுக்குள் நண்பர்களோடு புகைப்பவரை எந்தப் பொலிஸ்காரரும் காண்பதில்லை. லயத்துக்காரனுக்கு மதில் ஏது? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்று. அதற்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவான தாழ்வாரம். அதற்கு அப்பால் தோட்டத்துப் பாதை. அவன் சிரிப்பதும் சண்டையிடுவதும் புகைப்பதும் ஊரறியவே நடக்கும். இன்பம் துய்க்கவும் ஒரு மதில் வேண்டியிருக்கின்றது. மதிலில்லாதவன் இன்பம் மட்டுமே சட்டத்தின் கண்ணில் படுகின்றது. தோட்டத்துத் தமிழிளைஞனுக்கு மட்டும் உரிய கதையன்று இது. லக்கலையிலும் வில்கமுவையிலும் சேனைப்பயிர் செய்யும் சிங்கள விவசாயியின் மகனுக்கும் இதே கதைதான். சட்டத்தின் கைக்கு இன வேற்றுமை சில வேளை மறந்துபோகலாம். வர்க்க வேற்றுமை மறப்பதேயில்லை.

பிடிபட்டவர் போய்ச்சேரும் இடங்களையும் நோக்குவோம். இலங்கைச் சிறைகளில் அவை கொள்ளக்கூடிய தொகையின் இருமடங்குக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருக்கின்றனர். அவர்களிற் பெரும்பகுதியினர் போதைப்பொருள் வழக்குகளில் வந்தவர்கள். தண்டம் கட்ட வழியின்றியும் பிணைக்கு ஆளின்றியும் உள்ளே கிடப்பவர் பலர். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரைக் கட்டாயப் புனர்வாழ்வுக்கு அனுப்ப வகைசெய்தது. நம் மாவட்டத்துக்கு அயலான பொலன்னறுவையில், இராணுவத்தினர் பொறுப்பிலிருந்த கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் மோதல் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தியை நாடறியும். வைத்தியர் நிற்க வேண்டிய இடத்தில் சிப்பாய் நின்றால் புனர்வாழ்வு எவ்வாறு மலரும்?

கடுந்தண்டனை பயன் தந்ததா? 1984இல் மரண தண்டனை சட்டத்தில் ஏறியது. 2019 ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நால்வரைத் தூக்கிலிட ஆணையில் கையெழுத்திட்டார். 1976க்குப் பின் நடைபெறாத கொலையை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. 2022இல் ‘ஐஸ்’ எனப்படும் நஞ்சுக்கும் மரண தண்டனை விதிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் தூளும் ஐஸும் மலையேறித் தோட்டத்து வாசலுக்கே வந்துவிட்டன. தூக்குக்கயிறு நீண்டது, வியாபாரம் குறையவில்லை.

எதிர்வாதங்கள்

நேர்மையான மனத்தோடு எதிர்வாதம் செய்வோரும் உளர். அவர்களுக்கு விடையளிக்காமல் நழுவுவது நமக்கு அழகன்று.

“கஞ்சா தீங்கற்றதா?” என்று கேட்கின்றனர். இல்லை. கஞ்சா தீங்கற்றது என்று பாடுவோர் பொய் சொல்கின்றனர். வளரும் பருவத்துப் பிள்ளைகளின் மூளைக்கு அது கேடு. நினைவையும் படிப்பையும் தாக்கும். மனநோய்க்கு இடமுள்ளவர்களிடத்தே, சிறப்பாக இளவயதில் மிகுதியாகப் புகைப்போரிடத்தே, அந்நோயை அது கிளப்பிவிடும். பாவிப்போரில் பத்தில் ஒருவர் அளவில் அதற்கு அடிமையாகின்றனர் என்பது பொதுவான கணிப்பு. புகையிலையோடு கலந்து புகைத்தால் புகையிலையின் தீங்கும் சேரும். மயக்கத்தோடு செங்குத்தான மலைச்சரிவில் மருந்தடிப்பதும், கவ்வாத்துக் கத்தி பிடிப்பதும், வாகனம் ஓட்டுவதும் உயிராபத்து. இவை யாவும் உண்மை. ஆனால் இவையெல்லாம் வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரிய வாதங்கள், சிறைக்கு உரியவையல்ல. நோய் வரக்கூடும் என்பதற்காக ஒருவனைக் கூட்டில் அடைத்தால் நோய் நீங்குமா? இருபத்திரண்டு வயதில் குற்றப்பதிவு பெற்றவனுக்கு வேலை தருபவர் யார்? கஞ்சா அவன் உடலுக்குச் செய்யாத தீங்கைச் சட்டம் அவன் வாழ்வுக்குச் செய்துவிடுகின்றது.

“இது பெரிய போதைக்கு முதற்படியல்லவா?” என்கின்றனர். படிகளைக் கட்டியது யார் என்று பார்க்க வேண்டும். கஞ்சா விற்பவனும் தூள் விற்பவனும் ஐஸ் விற்பவனும் இன்று பெரும்பாலும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். கஞ்சா கேட்டு வந்த பையனுக்கு அடுத்த பொட்டலத்தைக் காட்டுவது வியாபாரிக்கு எளிது. நெதர்லாந்து 1976இலேயே தன் சட்டத்தைத் திருத்தி, கஞ்சாவை ஏனைய கொடிய பொருள்களிலிருந்து பிரித்து நோக்கியதன் காரணம் இதுவே. போர்த்துக்கல் 2001இல் எல்லாப் போதைப்பொருள்களின் சொந்தப் பாவனையையும் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து எடுத்து, சுகாதார, சமூகநலப் பணியாளர் முன் வைத்தது. அந்நாடு அழிந்துவிடவில்லை. கஞ்சாவை மிகக் கொடியவற்றின் பட்டியலில் வைத்திருந்த ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழுவே, 2020 டிசம்பர் 2ஆந் தேதி 27க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் அதை அப்பட்டியலிலிருந்து நீக்கிற்று. நீக்கவேண்டும் என்று வாக்களித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

“ஏழைக்கு இன்னொரு போதை எதற்கு? அவனுக்கு வேண்டியது நிலமும் கூலியும் கல்வியுமல்லவா?” இது நம் தோழர்களே கேட்கும் கேள்வி, எதிர்வாதங்களில் மேலானதும் இதுவே. போதையில் மூழ்கிய தொழிலாளி போராட மாட்டான் என்பது அவர்களின் கவலை. அக்கவலை எனக்கும் உண்டு. ஆனால் விளக்கமறியலில் கிடக்கும் தொழிலாளி போராடுவானா? தண்டப்பணத்துக்கு வட்டிக்கடன் பட்ட தாய் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்வாரா? வேலையற்ற மாலைகளும், ஒதுங்க இடமில்லாத லயமும், படித்தும் பயனில்லாத சலிப்பும் போதையை விளைவிக்கின்றன. வேரை விட்டுவிட்டு இலைக்கு விலங்கு பூட்டுவது புரட்சியன்று, பொலிஸ் வேலை.

வியாபாரியின் விடுதலை

இனி மறு சாராருக்குச் சில சொல். “சட்டமாக்குங்கள், சுற்றுலா வளரும், டொலர் வரும்” என்போர் கேட்கும் விடுதலை யாருடைய விடுதலை? சீகிரியாக் குன்றைக் காணவரும் வெள்ளைக்காரருக்கு ஹோட்டல் முற்றத்தில் புகைக்க உரிமையும், அந்த ஹோட்டலில் பாத்திரம் கழுவும் நாவுல இளைஞனுக்குப் பழைய தண்டமும் என்றால், அது சட்டபூர்வமாக்கலன்று, இன்னொரு காலனியாட்சி. கண்டியிலிருந்து தம்புள்ளை போகும் வீதியின் இருமருங்கும் உள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களைப் பாருங்கள். மிளகும் ஏலமும் கொக்கோவும் விளைவிப்பவன் ஒருவன்; குப்பியில் அடைத்துப் பெருவிலைக்கு விற்பவன் வேறொருவன். கஞ்சாவிலும் இதுவே நடக்கும். மீரிகமவில் நடக்கத் தொடங்கியிருக்கின்றது.

தாய்லாந்தின் அனுபவம் நம் கண்முன் உள்ளது. 2022 ஜூனில் அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதைக் கட்டுப்படுத்தும் முழுமையான சட்டத்தை மட்டும் இயற்றவில்லை. ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. வியாபாரம் முந்திக்கொள்ள, மக்கள் நலம் பின்தங்கியது. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அரசு பின்வாங்கியது.

இதற்கு மாறான வழியும் உண்டு. 2013இல், கெரில்லாப் போராளியாயிருந்து சிறையில் பல்லாண்டு வாடிய ஹொசே முஹிக்கா ஜனாதிபதியாயிருந்தபோது, உருகுவே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம். அல்லது சிறு கழகமாகச் சேர்ந்து வளர்க்கலாம். அல்லது பதிவு செய்துகொண்டு மருந்துக்கடையில் மாதம் நாற்பது கிராமுக்கு மேற்படாமல் வாங்கலாம். விளம்பரம் கூடாது; உல்லாசப் பயணிகளுக்கு விற்பனை இல்லை; விலையை அரசு தீர்மானிக்கும். கள்ளச்சந்தையின் கழுத்தை நெரிப்பதே அதன் நோக்கம், கஜானாவை நிரப்புவதன்று. அச்சட்டத்தில் குறைகள் இல்லாமலில்லை. எனினும் மனிதனைக் குற்றவாளியாகவும் காணாமல், வாடிக்கையாளனாகவும் காணாமல், குடிமகனாகக் காண ஒரு சிறு நாட்டால் முடிந்திருக்கின்றது.

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் தெளிவானவை. வயதுவந்தோர் சொந்தப் பாவனைக்குச் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதும் ஓரிரு செடி வளர்ப்பதும் குற்றப்பட்டியலிலிருந்து நீங்க வேண்டும். அதற்காக முன்னர் தண்டிக்கப்பட்டோரின் குற்றப்பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். அதற்காக மட்டும் விளக்கமறியலில் கிடப்போர் விடுவிக்கப்பட வேண்டும். விற்பனை என்று ஒன்று வருமானால் அது பொதுநிறுவனத்தின் கையில், விளம்பரமின்றி, உரிய வயதடையாதோருக்கு முற்றும் தடையாக அமைய வேண்டும். பேராசை கொண்டு பெருவரி விதிக்கக் கூடாது. சாராயத்தின் விலை ஏறியதும் மக்கள் கசிப்பைத் தேடிப் போன பாடத்தை நாம் மறத்தலாகாது. பயிரிடும் உரிமம் முதலில் உள்நாட்டுச் சிறு விவசாயிக்கும், நிலம் பெற்ற தோட்டத் தொழிலாளியின் கூட்டுறவுக்கும் கிடைக்க வேண்டும். அடிமைப்பட்டோருக்குச் சிகிச்சை, அவர் விரும்பி வரும் சிகிச்சையாக, மாவட்ட வைத்தியசாலையில், தமிழிலும் சிங்களத்திலும், வைத்தியர் கையால் அளிக்கப்பட வேண்டும். பெரிய வலை பெரிய மீன்களுக்கே விரிக்கப்பட வேண்டும்.

இவற்றோடு நிலமும் வீடும் நியாயக் கூலியும் வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை. அவை இல்லாதவரை எந்தச் சட்டமும் போதையை வெல்லாது.

மாத்தளை மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1848இல் ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி விதித்தபோது, எங்களைக் கேளாமல் எங்கள் முற்றத்துக்குள் கைநீட்ட நீ யார் என்று இம்மண்ணின் விவசாயிகள் எழுந்தனர். ஜூலை 26ஆந் தேதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினர். ஆகஸ்ட் 8ஆந் தேதி புரன் அப்பு துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானான். அக்காலத்திலேதான், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்த நம் முன்னோர், கொள்ளைநோயிலும் பசியிலும் வழியோரம் விழுந்து மடிந்தனர். ஒரே வீதியில் இரு மக்களின் இரத்தமும் எலும்பும் கலந்து கிடக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று நீதிமன்ற மதிலோரம் ஒன்றாய்க் குந்தியிருக்கின்றனர்.

கணவனைக் கொன்ற போதைக்கு உரிமப்பத்திரமும், மகன் தொட்ட போதைக்கு விலங்கும் ஏன் என்று அந்தத் தாய் கேட்டார். சிறைதான் விடை என்பார் ஒருவர். சந்தைதான் விடை என்பார் மற்றவர். அவருக்கு வேண்டியது இவ்விரண்டுமன்று. ஒரு நாட் ‘பேர்’ இழக்காமல், காதுத்தோடு அடகு போகாமல், தம் மகனைத் தாமே கண்டித்துத் திருத்திக்கொள்ளும் உரிமையே அவருக்கு வேண்டியது. அந்தச் சிறிய உரிமையைக் கூடத் தர மறுக்கும் சட்டத்தை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், நீதி என்று மட்டும் அழைக்க வேண்டாம்.